ஒரு தடவைக்கு ஒன்றுதான்

அக்காவின் கராஜுக்குள் தண்ணீர் வரக் கூடாது. காபியும் கூடாது. நெற்றி வியர்வையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், சட்டியோடு வெடித்து முகத்தில் தெறிக்கும். இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றேன். அவர் ரிமோட்டை அழுத்திக் கராஜ் கதவை இறக்கிவிட்டார். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் கதவு மேலே போனது.

அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் தனியாக இருந்தார். பல வருடம் ஆஸ்பத்திரி ஃபார்மசியில் மருந்து நிறுத்துக் கொடுத்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் மனைவி குழந்தையோடு தூரத்தில், சான்டா கிளாராவில். வீட்டில் துணைக்கு ஒரு துப்பாக்கி.

நூறு வருடத்துக்கு மேல் வயதான துப்பாக்கி அது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். சுட்டதும் அடியில் உள்ள பிடியைக் கீழே இழுத்து, காலிக் கூட்டை எடுத்துவிட்டு, அடுத்ததைப் போட வேண்டும். யாரோ வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது பித்தளைப் பூந்தொட்டி வாங்கப் போனாராம். தொட்டியை வேறொருத்தர் முந்திக்கொண்டார்.

"வெறுங்கையோட வரக் கூடாதுல்லா தம்பி" என்றார். அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பொருந்தும் தோட்டா கடையில் எளிதில் கிடைக்காது. ஆகவே எல்லாம் அவர் கையால். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். குண்டுக்கு மெழுகு தடவுவார். பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவார். மருந்து விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு பொட்டுக்கூடப் போக மாட்டார். கிழட்டுத் துப்பாக்கி, தாங்காது என்பார். எந்த உயிரையும் சுட்டதில்லை. சுத்த சைவம். காகிதத்தை மட்டும் சுடுவார்.

எனக்கு வேலை டயர் கடையில். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் செய்த வேலைதான். மனைவி நர்ஸ். அவளுடைய கிரீன் கார்டில் நானும் வந்து சேர்ந்தேன். அக்கா பஞ்சர் ஒட்ட வந்தார். காரை விட்டுவிட்டு உள்ளே போய் உட்காராமல் என் பின்னால் நின்று மூலையில் இருந்த வாளியையே பார்த்தார். என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்தார்.

"தம்பி, அந்த வாளில கெடக்கது பூரா குப்பைக்கா?"

"ஆமாங்க."

"ஈயம்லா?"

ஈயம்தான். சக்கரம் ஆடாமல் ஓட ரிம்மில் சின்ன எடை ஒன்றை மாட்டுவோம். கழற்றிய பழசு வாளியில் விழும். முதலாளியிடம் கேட்டேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து சனிக்கிழமை மதியம் என்றால் அங்கேதான்.

நான் ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. எனக்கு அது வாயில் வராது. அம்மா என்றேன்.

"உன்னப் பெத்த கணக்கா இருக்கேனா? அக்கான்னு கூப்பிடு."

சரி என்று அப்படியே கூப்பிட்டேன்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இன்றைக்கு மெழுகை மாற்றினால் மருந்தைத் தொடக் கூடாது. மருந்தை மாற்றினால் ஈயத்தைத் தொடக் கூடாது. ஐந்து குண்டு சுட வேண்டும், எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்க்க வேண்டும், எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது என்பார். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். மாற்றியது என்ன, நடந்தது என்ன, இரண்டே பத்தி.

துப்பாக்கியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிடமும் அதைச் செய்து பார்ப்பார்.

தமிழ்ச் சங்கச் சாப்பாட்டுக்கு மாதம் ஒரு பாயசம் கொண்டுபோவார். ஒரு மாதம் ஏலக்காய் இருக்காது. அடுத்த மாதம் ஏலக்காய் இருக்கும், முந்திரி இருக்காது. ஓரமாக உட்கார்ந்து யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். எல்லோரும் "சூப்பர் ஆன்ட்டி" என்பார்கள். அதையும் எழுதிக்கொள்வார். ஒரு மாதம் சர்க்கரையையே விட்டுவிட்டார். அன்றைக்கும் சூப்பர்தான்.

குப்பை வண்டி வரும் நாளில் எல்லோரும் தொட்டியை ரோட்டோரம் வைப்பார்கள். அக்கா தன் தொட்டியை வாரம் ஓர் அடி பக்கத்து வீட்டுப் பக்கமாக நகர்த்தினார். அந்த மனிதர் நல்லவர். ஏழு வாரம் பொறுத்தார். எட்டாவது வாரம் காரை வெளியே எடுக்க முடியாமல் வந்து மணி அடித்தார். அக்கா மன்னிப்புக் கேட்டு ஒரு டப்பா முறுக்குக் கொடுத்தார். பிறகு உள்ளே வந்து 'ஏழு' என்று எழுதினார்.

"அந்தம்மா எல்லாரையும் வெச்சு வெளையாடுது. உங்களையும் விடாது பாருங்க" என்றாள் என் மனைவி.

என்னிடம் மாற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சுடும் ரேஞ்சில் கௌபாய் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடமும் அதே மாதிரிப் பழைய துப்பாக்கி. குண்டுக்குத் தடவும் மெழுகில்தான் ரகசியம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அவரைப் போன்றவர்கள் மெழுகில் மாட்டுக் கொழுப்புக் கலப்பார்கள். அக்கா தேன்மெழுகில் விளக்கெண்ணெய் கலப்பார். சுட்டால் புகையில் ஒரு வாசம் வரும். தொப்பிக்காரர் மூக்கை நீட்டிக்கொண்டு வருவார்.

"மேம், என்ன போடுகிறீர்கள் அதில்?"

வாரத்துக்கு ஒரு பொய் சொன்னார் அக்கா. ஒரு வாரம் நல்லெண்ணெய் என்றார். ஒரு வாரம் சாம்பிராணி என்றார். ஒரு வாரம் நெய்யில் வெந்தயத்தைப் போட்டு மூன்று நாள் காய்ச்ச வேண்டும் என்றார். அந்த மனிதர் இந்தியக் கடையைத் தேடிப் போய் வெந்தயம் வாங்கி மூன்று நாள் காய்ச்சினார். அடுத்த சனிக்கிழமை அவருடைய ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவில் விழுந்தன.

தொப்பியைக் கழற்றி அக்காவுக்கு வணக்கம் வைத்தார். அக்காவின் முகம் அன்றைக்குப் போன மாதிரி நான் பார்த்ததில்லை. மறுநாளே வீட்டில் வெந்தய வாசம் அடித்தது. சுட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"வேற எதையோ சேத்து மாத்தியிருக்கான் கள்ளன். சொல்ல மாட்டேங்கான்" என்றார்.

மகன் நவம்பர் விடுமுறைக்கு வருவான். நல்ல பையன். நாற்பது வயது இருக்கும். தமிழ் புரியும், பாதி இங்கிலீஷில் பதில் சொல்வான். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள். அந்த வருடமும் அதுதான். நான் வாளியோடு சமையலறை வாசலில் மாட்டிக்கொண்டேன்.

"அம்மா, யூ ஆர் சிக்ஸ்டி எய்ட். கராஜ்ல லெட் மெல்ட் பண்றீங்க. எனக்கு ஒவ்வொரு ஃபோன் காலுக்கும் பக்குன்னு இருக்கு."

"அங்க வந்தா நான் விருந்தாளிடா. விருந்தாளி இன்னொருத்தர் வீட்டுல ஒண்ண மாத்த முடியுமா?"

"என்ன மாத்தணும்? எவ்ரிதிங் இஸ் ஃபைன் தேர்."

"அதுதான் கஷ்டம்."

அவன் அவர் கையைப் பார்த்தான். காபிக் கோப்பையின் சின்னத் தட்டைப் பிடித்திருந்த கை லேசாக ஆடியது. அக்காவும் அவன் பார்த்ததைப் பார்த்தார். தட்டை மேஜையில் வைத்தார்.

"அடுத்த நவம்பர் வா. நூறு கஜத்துல பத்து குண்டு. இந்தத் தட்டு அளவுக்குள்ள பத்தும் விழுந்தா நான் இங்கதான். ஒண்ணே ஒண்ணு வெளிய போனாலும் உன்கூட வந்துருதேன்."

"சீரியஸா?"

"தம்பி சாட்சி."

நான் வாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் அந்தத் தட்டுக்காகவே போனது. குண்டு வார்த்தது, சுட்டது, எழுதியது. வசந்தத்தில் பத்துக்கு ஆறு உள்ளே. ஜூலையில் எட்டு. அப்புறம் ஆகஸ்டில் கெட்டுப்போனது. கெடுத்தது நான்.

வாளியில் விழுவது எல்லாம் ஈயம் இல்லை. இப்போது இரும்பும் வருகிறது, துத்தநாகம் என்கிற ஜிங்க்கும் வருகிறது. இரும்பைக் காந்தம் பிடித்துவிடும். ஜிங்க்கைக் கண்ணால் பிரிக்க முடியாது. கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்க்க வேண்டும். ஈயத்தில் பல் பதியும், ஜிங்க்கில் பதியாது. ஒவ்வொன்றாகக் கடித்துத்தான் அக்காவுக்குக் கொண்டுபோவேன். ஒரு நாள் கடையில் கூட்டம். அப்படியே அள்ளிப் போட்டுவிட்டேன்.

ஈயச் சட்டியில் ஜிங்க் கொஞ்சம் போனாலும் முடிந்தது. திரிந்த பால் மாதிரி மேலே ஆடை கட்டும். அச்சில் சரியாக இறங்காது. குண்டு சுருக்கம் விழுந்து மூளியாக வரும்.

அந்தச் சனிக்கிழமை அக்கா ஒரு தட்டில் நாலு குண்டு வைத்திருந்தார். கிழவன் முகம் மாதிரி இருந்தன.

"என்னன்னே தெரியல தம்பி. அச்சு சூடு பத்தலையோ. இந்த வாரம் அத மாத்திப் பாக்குதேன்."

அடுத்த வாரமும் நாலு மூளிக் குண்டு. கரண்டியை மாற்றப் போவதாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை கடையில் வாளியின் அடியில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். பல் பதியவில்லை. இன்னொன்று. அதுவும் பதியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை சொல்லலாம் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். அச்சை, கரண்டியை, அடுப்பை, காற்றின் ஈரத்தை. நான் கொண்டுவந்த ஈயத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நவம்பருக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

நாலாவது சனிக்கிழமை மேஜையில் ஒரு ஈயச் சொம்பு இருந்தது. ரசம் வைக்கிற சொம்பு. கல்யாணத்தில் மாமியார் கொடுத்தது. அது வெள்ளீயம். ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சில் நன்றாக இறங்கும்.

"கடைசியா இதையும் பாத்துருவோம்" என்றார். பெருமூச்சு விட்டார். சொம்பைத் தகர வெட்டும் கத்தரியால் நறுக்க ஆரம்பித்தார்.

நான் காபி குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு சாப்பிடவில்லை. மனைவி கேட்டாள். சொன்னேன்.

"போய்ச் சொல்லிப் போடுங்க. என்ன, சுட்டாபோடப் போகுது?"

மறுநாள் ஞாயிறு. நானே போனேன். கராஜில் இருந்தார்.

"அக்கா, ஈயத்துல ஜிங்க் கலந்துடுச்சுங்க. நாந்தாங்க. கடிச்சுப் பாக்காமக் கொண்டாந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். திறந்தார். வரிசை வரிசையாகக் குண்டு. புது நாணயம் மாதிரி மின்னின. குறைந்தது இருநூறு இருக்கும்.

"மொதல் நாளே தெரியும் தம்பி. சட்டில ஆடை கட்டுனதும் தூக்கி வச்சுட்டேன். பழைய ஈயம் எங்கிட்ட நெறைய கெடக்கு."

"அப்ப அந்த மூளிக் குண்டுங்க?"

"அதே நாலுதான். வாரா வாரம் எடுத்து வச்சேன்."

"சொம்பு?"

"அத உருக்க நாப்பது வருசமா ஒரு சாக்குத் தேடிட்டு இருந்தேன். மாமியார் இப்பத்தான் ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கா."

"எதுக்குங்க்கா?" என்றேன்.

"நீ எத்தன வாரம் தாங்குதேன்னு பாத்தேன்." நோட்டை எடுத்தார். 'நாலு' என்று எழுதினார். "பக்கத்து வீட்டுக்காரன் ஏழு. நீ பரவால்ல."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவரே கடைக்கு வந்தார். முன் டயர் தரையோடு இருந்தது. கழற்றிக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. காற்றை அவரே பிடுங்கிவிட்டிருந்தார். அவரைப் பார்த்தேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வரேனுங்க்கா" என்றேன்.

"காபி இல்லாம வா."

நவம்பர் வந்தது. மகன் வந்தான். மூன்று பேரும் ரேஞ்சுக்குப் போனோம். காகிதத்தில் காபித் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து நூறு கஜத்தில் மாட்டினேன். நாலு மூலையிலும் நாலு ஸ்டேப்பிள் அடித்தேன். திரும்பி வந்து தூரக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். தொப்பிக்காரரும் தன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

காபித் தட்டைப் பிடித்தால் ஆடுகிற கை. துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தை அழுத்தினால் ஆடாது. அது எப்படி என்று எனக்குத் தெரியாது.

முதல் குண்டு உள்ளே. இரண்டு உள்ளே. ஒவ்வொன்றுக்கும் பிடியை இழுத்து, கூட்டை எடுத்து, அடுத்ததைப் போட்டு, மூச்சு விட்டுச் சுட்டார். அவசரமே இல்லை. ஐந்து. ஆறு. மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏழாவதில் கட்டிய கையை அவிழ்த்தான். எட்டாவதில் "கமான் அம்மா" என்றான். பாவம், யார் பக்கம் என்றே மறந்துவிட்டான். ஒன்பதும் வட்டத்துக்குள். உள்ளங்கையால் மூடிவிடலாம்.

பத்தாவதுக்கு வெகு நேரம் எடுத்தார். சுட்டார். காகிதத்தின் வலது மேல் மூலை கழன்று மடங்கித் தொங்கியது.

"வெளியங்க்கா" என்றேன்.

"காத்து அம்மா. இட் வாஸ் தி விண்ட். இன்னொண்ணு சுடுங்க" என்றான் மகன்.

"காத்தெல்லாம் இல்ல. சொன்னா சொன்னதுதான். டிக்கெட் போடு."

அவர் குழலைத் துடைக்க உட்கார்ந்தார். நான் காகிதத்தை எடுக்கப் போனேன். மூலையில் ஸ்டேப்பிளைக் காணோம். அது இருந்த இடத்தில், நட்ட நடுவில், வட்டமாக ஒரு ஓட்டை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பியபோது தொப்பிக்காரர் கண்ணாடியை விட்டு எழுந்து அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியை ஒரு விரலால் தொட்டார்.

துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு சூட்கேஸோடு போனார். வசந்தத்தில் வீட்டை விற்பதாக ஏற்பாடு. நான் வாரம் ஒரு தடவை போய்க் குழாயைத் திறந்து மூடி வந்தேன். சனிக்கிழமை மதியம் என்ன செய்வது என்று தெரியாமல் என் காரின் டயரையே கழற்றி மாட்டினேன்.

பத்தாவது வாரம் மகன் ஃபோன் செய்தான்.

"அண்ணா, வீட்ட விக்கிறதுக்கு லிஸ்ட் பண்ணிட்டாங்களா?"

"இல்லைங்க. மார்ச்சுன்னு சொன்னீங்க."

"பண்ண வேணாம். டோன்ட் டூ எனிதிங்." அவன் குரல் இறங்கியது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல. "அண்ணா, எங்க வீட்டு ஸ்டவ்ல ஒரு க்ளாக் இருக்கு. அதப் பாத்துத்தான் காலைல கெளம்புவோம். அம்மா அத டெய்லி ஒரு நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க."

"சரிங்க."

"முப்பத்தஞ்சு நாள், முப்பத்தஞ்சு நிமிஷம்! டேகேர் திறக்கிறதுக்கு முன்னாடியே பாப்பாவ வச்சுக்கிட்டு பார்க்கிங் லாட்ல நிக்கிறோம். ட்ராஃபிக் கம்மியாயிடுச்சு போலன்னு நெனச்சேன். ஆஃபீஸ்ல என்னை எம்ப்ளாயி ஆஃப் தி மந்த்துக்குச் சொல்லியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்புறம் என் வைஃப் அந்த நோட்டப் பாத்துட்டா. அவளுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம். பாப்பாவுக்குக்கூட இருக்கு அண்ணா! சால்ட்ட எந்த ஷெல்ஃபுல வச்சா எத்தன நாள்ல சண்டை வருதுன்னு எழுதி வச்சிருக்காங்க."

"சண்டை வந்துச்சுங்களா?"

"ரெண்டு தடவ." குரலை இன்னும் தாழ்த்தினான். "எனக்கு அம்மான்னா உயிரு அண்ணா. பட் ஷி நீட்ஸ் ஹெர் ஓன் ஹவுஸ். நாளைக்கு ஃப்ளைட். கொஞ்சம் ஹீட்டர் ஆன் பண்ணி வைக்கிறீங்களா?"

அவனே கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று அவனாகச் சொன்னான். மாதம் ஒரு தடவை வருவதாகவும் சொன்னான். அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்னமோப்பா, உங்களுக்கு நான் தொந்தரவு" என்றார். அவன் கண் கலங்கிவிட்டான். அவன் கார் தெருமுனை திரும்பும் வரை அக்காவின் முகம் அப்படியே இருந்தது. திரும்பியதும் சரியாகிவிட்டது.

நான் பையில் இருந்த காகிதத்தை எடுத்துச் சமையலறை மேஜையில் விரித்தேன். மூலையில் இருந்த ஓட்டையில் விரலை வைத்தேன்.

"இது என்னங்க்கா?"

பார்த்தார்.

"ஜெயிச்சிருந்தா வருசா வருசம் வந்து கூப்பிடுவான் தம்பி. இன்னும் எத்தன நவம்பருக்கு நான் பத்து பத்தாச் சுட்டுட்டுக் கெடக்க? இப்பப் பாரு, அவனாவே கொண்டாந்து விட்டுட்டான்."

"வட்டத்துக்கு வெளிய போகணும், அவ்வளவுதானுங்க? எங்க வேணாலும் சுட்டிருக்கலாமே. அந்த ஸ்டேப்பிளப் பாத்து எதுக்குங்க சுட்டீங்க?"

அக்கா காகிதத்தை மடித்தார்.

"அதுக்குன்னு? சும்மா வெளிய சுடுதது அசிங்கம்லா."